மைனஸ் காஸ் இன்வர்ஸும் சரியான விடைதான்

கொஞ்சம் நீளமான பதிவு. கணக்கு என்று பார்த்ததும் ஓடிவிட வேண்டாம். உங்களில் ஒருவரிடம் நான் மன்னிப்பும் கேட்க வேண்டியிருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை ப்ளஸ் ஒன் படிக்கும் பேத்தி போன் செய்தாள். "தாத்தா, 1 பை ரூட் 25 மைனஸ் எக்ஸ் ஸ்கொயர், இதை இன்டகிரேட் பண்ணணும். புக்குல சைன் இன்வர்ஸ் எக்ஸ் பை 5னு இருக்கு. எனக்கு மைனஸ் காஸ் இன்வர்ஸ் எக்ஸ் பை 5னு வருது. டியூஷன்ல தப்புன்னு அடிச்சுட்டாங்க. எங்க தப்பு பண்ணினேன்னே தெரியல."

அவள் தப்பே பண்ணவில்லை. எல்லாரும் எக்ஸுக்கு 5 சைன் தீட்டா பிரதியிடுவார்கள், இவள் 5 காஸ் தீட்டா போட்டிருக்கிறாள். அவ்வளவுதான்.

ஒரு செங்கோண முக்கோணம் வரைந்து பாருங்கள். கர்ணம் 5, ஒரு பக்கம் எக்ஸ். பிதாகரஸ் தேற்றப்படி மூன்றாவது பக்கம் என்ன? ரூட் 25 மைனஸ் எக்ஸ் ஸ்கொயர். கேள்வியில் நம்மைப் பயமுறுத்துகிற அந்த ரூட் வெறும் ஒரு பக்கம்தான்! எக்ஸுக்கு எதிரே இருக்கும் கோணத்தை எடுத்தால் சைன் வரும், எக்ஸை ஒட்டிய கோணத்தை எடுத்தால் காஸ் வரும். இரண்டு கோணமும் சேர்ந்தால் 90 டிகிரி, அதாவது பையில் பாதி. ஆக, இரண்டு விடைக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மாறிலி. அது கடைசியில் போடும் பிளஸ் சிக்குள் அடங்கிவிடும். பிளஸ் சி போட மறந்தவர்களுக்கு நான் அரை மார்க் குறைத்திருக்கிறேன். அது எதற்கு இருக்கிறது என்று எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்தேன்?

"ஏ ஸ்கொயர் மைனஸ் எக்ஸ் ஸ்கொயரா, சைன். ஏ ஸ்கொயர் பிளஸ் எக்ஸ் ஸ்கொயரா, டேன். எக்ஸ் ஸ்கொயர் மைனஸ் ஏ ஸ்கொயரா, செக்." வாய்ப்பாடு மாதிரி உங்களை ஒப்பிக்க வைத்தவன் நான்தான். பரீட்சை அவசரத்துக்கு அது உதவும், மறுக்கவில்லை. ஆனால் முக்கோணத்தை முதலில் வரையாமல் இந்தப் பட்டியலைக் கையில் கொடுக்கக் கூடாது என்பதுதான் இப்போது என் கருத்து. பட்டியலை மட்டும் படித்த பிள்ளை தீட்டாவில் விடையைக் கண்டுபிடித்துவிடும், திரும்ப எக்ஸுக்கு வரத் தெரியாமல் சைன் 2 தீட்டாவோடு நின்றுவிடும். படம் வரைந்த பிள்ளை அதைப் பார்த்தே சைனையும் காஸையும் எழுதிவிடும். வேறு வழியில் போனவர்களைத் தப்பு என்று அடிக்கும் வேலையும் நமக்கு இருக்காது.

இனி என் கதை. 1994 அரையாண்டுத் தேர்வு. இதே மாதிரி கணக்கு, இதே மைனஸ் காஸ் இன்வர்ஸ். சிவப்பு மையில் அடித்து 3 மார்க் குறைத்தேன். அந்தப் பெண் பேப்பரோடு வந்து நின்றாள். "சார், விடையை வகையிட்டுப் பார்த்தேன் சார், கேள்வியே திரும்ப வருது." அதைவிடப் பெரிய நிரூபணம் என்ன வேண்டும்? நானோ, "கீ ஆன்சர்ல இருக்கிற மாதிரி எழுதிப் பழகும்மா" என்று அனுப்பிவிட்டேன். அன்று ராத்திரி வீட்டில் போட்டுப் பார்த்தபோதே புரிந்துவிட்டது. ஆனால் மார்க் லிஸ்ட் ஆபீசுக்குப் போயிருந்தது. திருத்தக் கேட்டால் நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்று சும்மா இருந்துவிட்டேன். அதன்பிறகு அவள் வகுப்பில் எழுந்து கேள்வி கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

இதைப் படிக்கிறாயா என்று தெரியவில்லை. உன் விடை சரிம்மா. என்னை மன்னித்துவிடு.

பேத்தியின் டியூஷன் மாஸ்டருக்கு முக்கோணத்தை வரைந்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறேன். நீல டிக் வந்துவிட்டது, பதில்தான் இன்னும் வரவில்லை.