கெடுதி

குற்றாலத்தில் சாரல் பிடித்த ஒரு சனிக்கிழமை, ஐந்தருவிக்குப் போகிற ரோட்டில் ஒரு டீக்கடைத் தாழ்வாரத்தில் ஒதுங்கி நின்றோம். நண்பன் போனை நீட்டினான். மூன்று அலகுள்ள அம்புமுனை ஒன்று, சவரபிளேடு மாதிரி மின்னிக்கொண்டிருந்தது.

“ஏல, முனை நூறு கிரெய்ன் போதுமா, நூத்தி இருவத்தஞ்சு வேணுமா? மொத்த அம்பு நானூறு இருந்தா மான் சாயுமா?”

“நீ எந்த மானைச் சாய்க்கப் போற?”

“சும்மா கேக்கேன். நம்ம ரத்தத்துலயே உள்ளதுதானல. ஓரி ஒரே அம்புல அஞ்சு மிருகத்தப் போட்டவன்.”

அவன் ஒருத்தனோடு முடிகிற பேச்சு என்றால் இதை எழுத வேண்டியதில்லை. அமெரிக்க வில்வேட்டை வீடியோ ஒன்றை வெட்டி, கீழே புறநானூற்றுப் பாட்டின் எண்ணைப் போட்டு, பின்னணியில் பறையடித்துப் பகிர்கிற ஆட்கள் இப்போது நிறைய. ‘வேட்டை நம் மரபு’ என்கிறார்கள். அவர்களுக்கு அம்பும் தெரியவில்லை, பாட்டும் தெரியவில்லை என்பது என் கட்சி. முதலில் அம்பைப் பார்ப்போம். நண்பனின் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொன்னாலே இந்தப் பெருமை பாதி கரைந்துவிடும்.

கிரெய்ன் என்பது பழைய தானிய எடை. சுமார் 15 கிரெய்ன் சேர்ந்தால் ஒரு கிராம். நம் ஆசாரிமாரின் குன்றிமணி ஒன்று ஏறக்குறைய இரண்டு கிரெய்ன். 400 கிரெய்ன் அம்பு என்றால் 26 கிராம். ஒரு பெரிய மனிதரைக் கொல்லும் தோட்டாவோடு இதை ஒப்பிட்டுப் பேசுவதுதான் முதல் தப்பு. தோட்டா அதிர்ச்சியால் சதையைச் சிதைக்கிறது. அம்பு அறுக்கிறது, அவ்வளவுதான். கூரான அலகு ரத்தக்குழாயை அறுக்க வேண்டும், நுரையீரலுக்குள் புகுந்து மறுபக்கம் வெளியே வர வேண்டும், அதன்பிறகு ரத்தம் போய் மான் சாக வேண்டும். அம்பு பட்ட இடத்திலேயே மான் விழுவது அபூர்வம். சரியாகப் பட்ட மானே ஐம்பது, நூறு மீட்டர் ஓடும்.

அப்புறம் எடை. இன்றைய காம்பவுண்ட் வில் ஒன்று அம்புக்கு 90 ஜூல் அளவு ஆற்றல் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 26 கிராம் அம்பு நொடிக்கு 83 மீட்டர் வேகத்தில் போகும். அதே வில்லில் 42 கிராம் அம்பு, அதாவது 650 கிரெய்ன், நொடிக்கு 65 மீட்டர்தான் போகும். ஆனால் உந்தம் கனமான அம்புக்குக் கால் பங்குக்கு மேல் கூடுதல். எலும்பில் பட்டால் இலேசான அம்பு தயங்கி நிற்கும், கனமானது தள்ளிக்கொண்டு உள்ளே போகும். 1980களில் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் காட்டு விலங்குகள் மேல் அம்புகளைச் சோதித்த எட் ஆஷ்பி இந்த 650ஐத்தான் கனத்த எலும்புக்கான வாசல் என்றார். வெள்ளைவால் மானுக்கு அது அதிகப்படி என்று அமெரிக்காவில் இன்னும் சண்டை போடுகிறார்கள். சண்டையில் நியாயமும் இருக்கிறது. முப்பது மீட்டர் போவதற்குள் இலேசான அம்பு 64 சென்டிமீட்டர் கீழே இறங்கினால், கனமானது ஒரு மீட்டர் இறங்கும். தூரத்தை ஐந்து மீட்டர் தப்பாக மதித்துவிட்டால் நெஞ்சுக்கு விட்டது வயிற்றில் போகும். இரண்டுக்கும் பொதுவான சிக்கல் வேறு: நாணின் ஓசை அம்பை முந்திக்கொண்டு மானிடம் போய்விடுகிறது. முப்பது மீட்டருக்கு ஓசை எடுத்துக்கொள்வது நொடியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை; அம்புக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆகிறது. அந்த இடைவெளியில் மான் ஓடுவதற்காக உடம்பைத் தாழ்த்தும். முதுகுக்கு மேலேயோ தண்டுவடத்திலேயோ அம்பு படும்.

முனையிலும் இதே இழுபறிதான். பறக்கும்போது மடங்கியிருந்து, பட்டவுடன் விரிகிற வகை இருக்கிறது. நேராகப் பறக்கும், அகலமாக வெட்டும். ஆனால் விரிவதற்கே ஆற்றலில் ஒரு பங்கு செலவாகிறது. சாய்ந்து விலா எலும்பில் பட்டால் சறுக்கவும் செய்யும். அசையாத இரட்டை அலகு ஆழமாகப் போகும், வெட்டு குறுகலாக இருக்கும். வில்லையும் அம்பையும் ஒழுங்காகப் பொருத்தாவிட்டால் காற்றில் ஒதுங்கும். புள்ளிமான் கிடா எழுபது, தொண்ணூறு கிலோ. இதே மலையில் திரிகிற மிளா இருநூறைத் தாண்டும். இரண்டுக்கும் ஒரே அம்பு ஆகாது. கேட்டால் “எல்லாத்துக்கும் ஆகுறாப்புல ஒண்ணு சொல்லு” என்கிறான் நம்மாள்.

இப்போது ஓரியிடம் வருகிறேன். புறநானூறு 152, வன்பரணர் பாடியது. கொல்லிமலையின் வல்வில் ஓரி விட்ட அம்பு யானையை வீழ்த்தி, புலியைச் சாய்த்து, புள்ளிமானை உருட்டி, பன்றியைத் தள்ளி, கடைசியில் புற்றிலிருந்த உடும்பில் போய்ச் செருகுகிறது. யானைக்குள் போன அம்பு வெளியே வந்தாலே பெரிது. மிச்ச நான்கையும் கணக்கில் சேர்க்க எந்த இயற்பியலாலும் முடியாது. வன்பரணருக்கும் இது தெரியாமல் இல்லை. அது பசியோடு வந்த பாணர் கூட்டத்தின் கண்ணால் பார்த்த காட்சி. பாட்டின் எடை அதற்குப் பிறகு வருகிற பகுதியில் இருக்கிறது. யாரென்று தெரியாத அந்த வேட்டுவன் தான் கொன்ற மானின் கொழுத்த இறைச்சியும் கள்ளும் பொன்னும் மணியும் தருகிறான். பாணர்கள் பாடி முடிவில் ‘கோ’ என்று சொல்ல, அது தன் பெயராக இருப்பதால் அவன் நாணுகிறான். கவனியுங்கள், அம்பு விட்டவனுக்கு வெட்கம். ரீல் போடுகிறவனுக்குத்தான் வெட்கம் இல்லை.

இந்த ஐந்து மிருகங்களை விட எனக்கு முக்கியமானது வேறொரு சங்கதி. மலைப் பெண்கள் தினைப்புனத்தில் நிற்கிறார்கள். வில்லோடு ஒருத்தன் வந்து, “என் அம்பு தைத்த மான் இந்தப் பக்கம் வந்ததா?” என்று கேட்கிறான். கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் தலைவன் இப்படித்தான் வருகிறான். தப்பிப்போன அந்த விலங்குக்குப் பெயர் கெடுதி: தொலைந்துபோனது. தொல்காப்பியம் களவியலில் தலைவன் பேச்சைத் தொடங்குவதற்கான சாக்குகளில் ஊர், பேரோடு கெடுதியையும் சேர்க்கிறது. பின்னால் கோவை நூல்களில் ‘வேழம் வினாதல்’, ‘கலைமான் வினாதல்’ என்று தனித்துறைகளே வந்துவிட்டன. திருக்கோவையாரிலும் இருக்கின்றன. வகுப்பில் இதைத் துறையின் பெயராக மனப்பாடம் செய்தோம், காதலிக்க வந்தவனின் சாக்கு என்று சிரித்துவிட்டு அடுத்த பக்கம் போனோம்.

அது சாக்கு என்பது சரி. ஆனால் சாக்கு எடுபட வேண்டுமென்றால் அது அன்றாடம் நடக்கிற காரியமாக இருக்க வேண்டும். ‘பஸ் லேட்டு’ என்று நாம் சொல்வது பஸ் உண்மையிலேயே லேட்டாக வருவதால்தான். அம்பு பட்ட மான் பட்ட இடத்தில் விழாது, ஓடும், வேட்டைக்காரன் அதைத் தேடி ஊருக்குள்ளும் புனத்துக்குள்ளும் வருவான் என்பது மலையில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அந்தப் பெண்களுக்கும் தெரியும். அதனால்தான் யாரும் “என்ன கதை விடுற” என்று கேட்கவில்லை. வில்வேட்டை பற்றித் தமிழில் இருக்கிற நேர்மையான சாட்சியம் ஓரியின் அம்பு அல்ல, இந்தக் கெடுதிதான். ஆஷ்பி நேட்டாலில் எடை போட்டுக் கண்டுபிடித்ததன் பாதி, நம் ஆட்களின் காதல் சாக்குக்குள் கிடக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம்ம ஊர்ப் பாட்டு குற்றாலக் குறவஞ்சி. மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் 18ஆம் நூற்றாண்டில் எழுதியது. அதில் மலைக்காரன் சிங்கன் பறவை பிடிக்கக் கையிலெடுப்பது வில்லல்ல, கண்ணி. அதிலும் சிங்கியை நினைத்துப் பறவைகளைக் கோட்டைவிடுகிறான். பெரியபுராணத்துத் திண்ணனார் வில்லுக்குப் பேர்போனவர். அவரும் தப்பியோடிய பன்றியை வெகுதூரம் துரத்திப்போய்க் கிட்டத்தில் வைத்து வாளால்தான் முடிக்கிறார். நம் இலக்கியத்தில் வேட்டை பெரும்பாலும் ஓட்டமும் தேடலும் ஏமாற்றமும்தான்.

அமெரிக்க வீடியோக்காரர்களை மட்டம்தட்டுவது என் நோக்கமில்லை. அவர்களில் நல்லவர்கள் மாதக்கணக்கில் பயிற்சி எடுக்கிறார்கள். பட்ட இடத்தில் கிடக்கிற ரத்தத்தைக் குனிந்து படிக்கிறார்கள். நுரை கலந்து இளஞ்சிவப்பாக இருந்தால் நுரையீரல், கரும்சிவப்பென்றால் ஈரல், பச்சைத் துணுக்கு தெரிந்தால் குடல். குடலில் பட்டால் உடனே பின்தொடராமல் பல மணி நேரம் காத்திருக்க வேண்டும், துரத்தினால் மான் இன்னும் தூரம் ஓடும். வீடியோவில் ஓடுகிற பத்து நொடியில் இந்தக் காத்திருப்பு வராது. அவர்களின் மரபுக்கும் ஒரு கதை உண்டு. 1911இல் கலிஃபோர்னியாவில் பசியோடு ஊருக்குள் வந்த இஷி, குடியேறிகள் கொன்றழித்த யாஹி இனத்தின் கடைசி ஆள். பாட்டில் கண்ணாடியைத் தட்டித் தட்டி அம்புமுனை செய்வார். அவருக்கு வைத்தியம் பார்த்த சாக்ஸ்டன் போப் அவரிடம் வில்லைக் கற்றார். 1916இல் இஷி காசநோயில் செத்தார். 1923இல் போப் எழுதிய புத்தகத்தைப் பிடித்துக்கொண்டுதான் அந்த ஊர் வில்வேட்டை வளர்ந்தது. ‘மரபு’ என்று சொல்கிறவன் அது யாரிடமிருந்து கைமாறியது என்றும் சொல்லட்டும். இந்த மலைத்தொடரில் பளியரும் காணிகளும் இருக்கிறார்கள். தென்காசி டவுனில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிற வீட்டுப் பையன் அவர்கள் சார்பில் எந்த ரத்தத்தைப் பற்றிப் பேசுகிறான்?

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு வில்லும் துப்பாக்கியும் ஒன்றுதான். குறிதப்பினாலும் முயற்சியே வேட்டை. நெல்லை வனவிலங்கு சரணாலயம் 2015இல் அறிவிக்கப்பட்டது. சரணாலயத்துக்குள் என்றால் மூன்று வருஷத்துக்குக் குறையாமல் ஜெயில். வில் பிடிக்கத்தான் ஆசை என்றால் வைக்கோல் பலகையில் குறிபார்க்கலாம், அதற்கு 300 கிரெய்ன் அம்பே தாராளம்.

சட்டத்தை விட என்னைப் பிடித்து நிறுத்துவது வேறு. எனக்குப் பன்னிரண்டு வயசிருக்கும். மேக்கரைப் பக்கம் தாத்தா குத்தகைக்கு எடுத்திருந்த தென்னந்தோப்பில் ஒரு பெட்டைமான் வந்து படுத்திருந்தது. பின்னங்காலில் கம்பிச் சுருக்கு. எங்கேயோ மாட்டி, அறுத்துக்கொண்டு வந்திருக்கிறது. கம்பி எலும்புவரை இறங்கியிருந்தது. நாங்கள் கிட்டே போனபோது எழுந்திருக்கப் பார்த்தது, முடியவில்லை. வாடை இப்போதும் ஞாபகமிருக்கிறது. தாத்தா துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு, “வச்சவன் வீட்ல சோறு தின்னுட்டு இருப்பான். இது மூணு நாளா நடந்துருக்கு” என்றார். வனத்துறை ஆள் வருவதற்குள் செத்துவிட்டது.

டீக்கடையில் நண்பனிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. ஒன்று மட்டும் கேட்டேன்.

“அம்பு வயித்துல பட்டு, மான் அந்தா தெரியுதே, அந்தச் சரிவுல ஏறிருச்சுன்னு வையி. இந்தச் சாரல்ல ரத்தத்தடம் எவ்வளவு நேரம் நிக்கும்?”

அவன் மலையைப் பார்த்தான். பாதிக்கு மேல் மேகம். கூரையிலிருந்து தண்ணீர் கோடு கோடாக இறங்கிக்கொண்டிருந்தது.

“அஞ்சு நிமிசம்கூட நிக்காதுல” என்றான். கொஞ்ச நேரம் கழித்து, “அந்தப் பாட்டுல, கெடுதி கேட்டு வந்தானே, அவன் மான் கடைசில கிடைச்சுதா?”

“பொண்ணு கிடைச்சுட்டா. மானைப் பத்தி அதுக்கப்புறம் யாரும் பேசல.”