லூல்கந்துர பார்க்க வருகிறவர் இரவில் எங்கே தங்குவார்?

ஹேவாஹெட்டவுக்கும் தெல்தோட்டைக்கும் இடைப்பட்ட மலைகளில் இருக்கிறது லூல்கந்துர தோட்டம். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டு, இலங்கையின் வர்த்தகத் தேயிலைச் செய்கையைத் தொடக்கிவைத்த இடம் அது. அவர் அமர்ந்த கல்லாசனத்தையும் வாழ்ந்த இடத்தின் எச்சங்களையும் பார்க்க உல்லாசப் பயணிகள் வருகிறார்கள். பார்த்துவிட்டுப் பெரும்பாலோர் இரவுக்குக் கண்டிக்குத் திரும்பிவிடுகிறார்கள். வாவியைச் சுற்றியுள்ள விடுதிகளுக்கு அவர்களால் வருமானம். அந்த மலையில் ஐந்தாறு தலைமுறையாகக் கொழுந்து பறிக்கும் குடும்பங்களுக்கு எதுவுமில்லை. பிள்ளைகுட்டிகளோடு வருகிறவர்கள் ஒரு வீட்டின் சாப்பாட்டை உண்டு, அந்த வீட்டாரோடு பேசித் தங்கக்கூடிய சிறு விடுதிகள் இங்கே வளரவில்லை. அதற்குக் காரணம் மலையின் அழகுக் குறையோ மக்களின் உபசரிப்புக் குறையோ அல்ல. தங்கவைக்கும் வீடு அவர்களுக்குச் சொந்தமில்லை என்பதே காரணம்.

இத்தாலியின் கார்டா ஏரிக்கரையைப் பாருங்கள். அங்குள்ள லிமோனே என்ற ஊர் ஒருகாலத்தில் எலுமிச்சையை நம்பி வாழ்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மரங்களில் நோய் விழுந்தது, 1861இல் இத்தாலி ஒன்றிணைந்த பிறகு தெற்கிலிருந்து மலிவான பழமும் வந்து குவிந்தது, தோட்டங்கள் நொடித்தன. 1930களில் கரையோரச் சாலை வந்ததும் ஊரார் விருந்தினர் பக்கம் திரும்பினார்கள். தகப்பன் சமையலறையில், தாய் கணக்கில், பிள்ளைகள் பரிமாறுவதில் என்று ஒரே குடும்பம் நடத்தும் சிறு ஹோட்டல்கள் அந்த ஏரியைச் சுற்றி இன்றும் ஏராளம். பயிர் கைவிட்டபோதும் வீடும் நிலமும் குடும்பத்தின் கையில் இருந்ததால்தான் அது முடிந்தது. பிற்பாடு 1985இல் ஒரு சட்டமும் 2006இல் அதற்குப் பதிலாக இன்னொன்றும் வந்து, விவசாயக் குடும்பங்கள் தங்கள் பண்ணையிலேயே விருந்தினரைத் தங்கவைக்க வழிசெய்தன.

ஹேவாஹெட்ட மலைகளிலும் பயிர் செத்தது. 1869இல் தொடங்கிய இலைத்துரு நோய் கோப்பியை அழித்தது. ஆனால் அதன்பின் என்ன நடுவது என்று தீர்மானித்தவர்கள் துரைமாரும் கம்பனிகளும். கோப்பிக் காட்டில் வேலை செய்தவர்கள் தேயிலைக் காட்டுக்கு மாற்றப்பட்டார்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பரா தோட்டத்தின் சொத்தாகவே நின்றது. 1948இல் குடியுரிமை போனது. 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தம் வந்து தோட்டங்கள் அரசுடைமையானபோதும், 1992இல் பல தோட்டங்களின் நிர்வாகம் தனியார் கம்பனிகளுக்குப் போனபோதும் கைமாறியது தோட்டம்; உள்ளே குடியிருந்தவர்களுக்கு ஒரு சாண் நிலமும் எழுதப்படவில்லை. தோட்டக் குடியிருப்புகளுக்குப் பிரதேச சபை தன் நிதியைத் தடையின்றிச் செலவிடச் சட்டம் திருத்தப்பட்டதே 2018இல்தான். உறுதி இல்லாத வீட்டை எந்த வங்கியும் ஈடாக ஏற்காது. ஒரு கழிப்பறை கட்டவும் தோட்ட நிர்வாகத்தின் சம்மதம் வேண்டும் என்ற நிலையில், விருந்தாளிக்கென்று ஓர் அறையை எப்படி எழுப்புவது?

லயத்தில் யார் வந்து தங்குவார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. யாரும் தங்க வேண்டாம். வறுமையைக் காட்சிக்கு வைப்பதை நான் முழுமனதாக எதிர்க்கிறேன். நான் கேட்பது தனி வீடு: சொந்தக் காணியில் கட்டப்படும் வீட்டில் மேலும் ஓர் அறைக்கு இடமும் அனுமதியும்.

பெரிய நிறுவனங்கள் இதை அழகாகச் செய்கின்றனவே என்பது இரண்டாவது வாதம். காசல்ரீ நீர்த்தேக்கக் கரையில் துரைமார் பங்களாக்கள் 2005 முதல் சொகுசு விடுதிகளாயின; கந்தப்பளையில் பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்றே ஹோட்டலானது. அவற்றால் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வேலை கிடைத்தது உண்மை, நல்லதும்கூட. ஆனால் பங்களாவில் சம்பளத்துக்கு நிற்பது ஒன்று, தன் வீட்டு வாசலில் நின்று விருந்தாளியை வரவேற்பது வேறு.

எல்லாரும் விடுதி நடத்தப் போனால் கொழுந்து பறிக்க ஆள் ஏது என்று தோட்டத் தரப்பு கேட்கும். இத்தாலியச் சட்டத்தில் இதற்குப் பதில் இருக்கிறது: அங்கே விவசாயம்தான் முதல் தொழில், விருந்தினரை ஏற்பது அதற்குத் துணை. உண்மையில், சம்பளம் போதாமல் கொழும்புக்கும் வளைகுடாவுக்கும் போகிறவர்களை மலையில் நிறுத்தி வைக்க இரண்டாவது வருமானத்தால்தான் முடியும்.

உல்லாசப் பயணத்துறை நிலையற்றது என்ற எச்சரிக்கை இன்னும் கனமானது. 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்பு, கொரோனா, 2022 எரிபொருள் வரிசை என்று அந்தத் துறை விழுந்தெழுந்ததை நாடே பார்த்தது. அதனால்தான் ஒற்றை அறையைப் பற்றிப் பேசுகிறேன். விருந்தாளி வராத ஆண்டில் அதில் வீட்டுப் பிள்ளை படிக்கும். பெருங்கடனில் எழுந்த ஹோட்டலுக்கு அந்த வசதி கிடையாது. மண்சரிவு அபாயம்தான் தட்டிக்கழிக்க முடியாத ஆட்சேபணை. கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பாதுகாப்பானது என்று சொல்லாத சரிவில் ஒரு வீடும் எழும்பக் கூடாது.

பாதுகாப்பான இடத்தில் காணி அளந்து உறுதி வழங்கும் வேலையை அரசு லூல்கந்துரவிலிருந்தே தொடங்கட்டும். கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள்; உறுதி எழுதும்போது அவர்கள் பெயரும் அதில் இருக்க வேண்டும்.