பேரனின் ராக்கெட்

பேரன் பிளாஸ்டிக் பாட்டிலில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, சைக்கிள் பம்பால் காற்றடித்து ராக்கெட் விடுகிறான். போன ஞாயிறு விட்டது நூறு மீட்டர் போயிருக்கும் என்றேன். அவன் உள்ளே வைத்திருந்த நகமளவு சென்சார் 31 என்றது.

ஏறக்குறைய எட்டு மீட்டர் ஏறினால் காற்றழுத்தம் ஒரு மில்லிபார் குறையும். அதை வைத்து உயரம் சொல்கிறது. அழுத்தம் மறுபடி கூடத் தொடங்கினால் உச்சியைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். அந்த நேரம் பார்த்து பாராசூட்டை விரிக்கவும் வைக்கலாம்.

"பிள்ளை விளையாட்டுக்கு எதற்கப்பா எலக்ட்ரானிக்ஸ்?" என்கிறார் நண்பர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1963 நவம்பர் 21 அன்று தும்பாவில் ஏறிய முதல் ராக்கெட் அமெரிக்காவுடையது. உள்ளே இருந்த சோடியம் ஆவிக் கருவி பிரான்ஸுடையது. பிரெஞ்சு மீடியத்தில் படித்தவனுக்கு அதில் ஒரு சின்ன சந்தோஷம். மேல்காற்றை அளக்கத்தான் அத்தனை பாடும். 2017 ஜூனில் நாசா ராக்கெட்டில் போன, பள்ளப்பட்டி ரிஃபாத் ஷாரூக் குழுவினரின் கலாம்சாட் வெறும் 64 கிராம். அதற்குள்ளும் சென்சார்கள்தான்.

வெடிமருந்தை வீட்டில் கலக்கும் ஆசை மட்டும் பிள்ளைகளுக்கு வேண்டாம். தண்ணீரும் காற்றும் போதும். வரும் தீபாவளிக்குப் பட்டாசுக் காசில் கொஞ்சம் மிச்சம் பிடித்து ஒரு சென்சார் வாங்கிக் கொடுங்கள். ஆபீசில் ஃபைலில் ஏறாதது நடக்காதது என்போம். ராக்கெட்டுக்கும் அதே கணக்குதான்.