பின் சீட் பெல்ட் எங்கே போச்சு?



நான் ஒரு கார் பைத்தியம் என்பது என் வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் கார் வரைந்து திட்டு வாங்கியவன். ரோட்டில் போகிற வண்டி டீசலா பெட்ரோலா என்று ஜன்னலைப் பார்க்காமலே சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவேன்.

நண்பர்கள் பலருக்கு ஃபெராரி, லம்போர்கினி பிடிக்கும். எனக்கு நம்ம வீட்டு ஜனங்கள் ஏறி இறங்குகிற கார்கள்தான் பிடிக்கும். மாருதி 800ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 796 சிசி, மூன்றே சிலிண்டர். 1983 டிசம்பரில் ரோட்டுக்கு வந்து 2014 ஜனவரி வரை தயாரானது. ஸ்கூட்டரில் நாலு பேராக நனைந்துகொண்டு போன எத்தனையோ குடும்பங்களை மழை படாமல் கூட்டிப் போனது அந்தக் குட்டி வண்டிதானே! அம்பாசிடரின் பின் சீட் வீட்டு சோபா மாதிரி. 1998ல் நம்ம இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வந்த சான்ட்ரோ பார்க்கக் கொஞ்சம் கோமாளி மாதிரி இருந்தாலும், முட்டிவலி உள்ள தாத்தா பாட்டி குனியாமல் ஏறலாம். ஒரு காருக்கு அதைவிட என்ன அழகு வேண்டும்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். யாராவது புது கார் வாங்கினால் நம்ம ஆட்கள் கேட்கிற முதல் கேள்வி, "மைலேஜ் எவ்வளவு கொடுக்குது?" அடுத்தது, "ஏசி ஜில்லுனு வருதா?" பிறகு நேராக கடைக்குப் போய் சீட் கவர் போடுவார்கள். அதோடு பின் சீட் பெல்ட்டின் பக்கிள் கவருக்கு அடியில் போய்விடும். எங்கே போச்சு என்று ஒருத்தரும் தேடுவதில்லை.

என் பெரியப்பா காரிலும் அப்படித்தான் இருந்தது. (எந்த கம்பெனி கார் என்று சொல்ல மாட்டேன், தப்பு கார் மேல் இல்லை.) போன வருஷம் நாமக்கல்லில் இருந்து சமயபுரம் கோயிலுக்குப் போனோம். பெரியப்பா பெல்ட் போட்டிருந்தார், ஏனென்றால் வழியில் போலீஸ் நிற்பார்கள். பின்னால் நாங்கள் ஐந்து பேர். என் தங்கச்சி, ஒன்றாம் வகுப்பு, அத்தை மடியில் தூங்கிக்கொண்டு வந்தாள். முசிறி தாண்டி ஒரு ஆடு குறுக்கே ஓடியது. பெரியப்பா ஓங்கி ஒரு பிரேக்! ஆடு தப்பித்தது. தங்கச்சி இரண்டு முன் சீட்டுக்கும் நடுவே பறந்து போய் டேஷ்போர்டுக்குக் கீழே விழுந்தாள். முன்பல் போச்சு, உதட்டில் நாலு தையல். அத்தை இன்றைக்கும், "நான் பிடிச்சுக்கிட்டுதாம்பா இருந்தேன்" என்று சொல்லி அழுவார்.

வீட்டில் என்ன செய்தார்கள் தெரியுமா? திருஷ்டி என்று பூசணிக்காய் சுற்றி உடைத்தார்கள். காருக்கு முன்னால் புது எலுமிச்சம்பழம் மிளகாய் கட்டினார்கள். பக்கிள் மட்டும் கவருக்கு அடியிலேயே கிடந்தது!

"பேருந்து திடீரென நிற்கும்போது பயணிகள் முன்னோக்கிச் சாய்வது ஏன்?" நாம் எல்லோரும் இதற்கு நிலைமம் என்று எழுதி இரண்டு மார்க் வாங்கியிருக்கிறோம். நியூட்டன் விதி முன் சீட்டோடு முடிந்துவிடுகிறதா? கணக்கு போட்டுப் பார்த்தேன். 50 கி.மீ. வேகம் என்றால் விநாடிக்கு சுமார் 14 மீட்டர். கார் எதிலாவது மோதி 0.1 விநாடியில் நின்றால், 18 கிலோ குழந்தை அந்த நேரத்தில் சுமார் 250 கிலோ மூட்டை மாதிரி முன்னால் இழுக்கும். எந்த அத்தையால் பிடிக்க முடியும்? பாவம், அவர் மேல் ஒரு தப்பும் இல்லை.

இன்று எல்லா கார்களிலும் இருக்கிற மூன்று முனை பெல்ட்டை 1959ல் வால்வோ கம்பெனிக்காக உருவாக்கியவர் நில்ஸ் போலின். அதற்கு முன் விமானத்தில் பைலட்டை வெளியே தூக்கி வீசுகிற சீட் வேலையில் இருந்தவர். மற்ற கம்பெனிகளும் பயன்படுத்திக்கொள்ளட்டும் என்று வால்வோ அந்தக் காப்புரிமையைத் திறந்துவிட்டது. அவர்கள் சும்மா கொடுத்ததை நாம் சீட்டுக்கு அடியில் திணித்து வைத்திருக்கிறோம்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022ல் பெல்ட் போடாமல் இறந்தவர்கள் 16,715 பேர். அதில் 8,331 பேர் டிரைவர்கள் அல்ல, கூட உட்கார்ந்து போனவர்கள். ஏறக்குறைய பாதி! அந்த வருஷம் செப்டம்பரில் இறந்த தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரியும் பின் சீட்டில் பெல்ட் போடாமல் இருந்தவர்தான். வந்த கார் மெர்சிடிஸ். பெல்ட் போடாவிட்டால் விலை உயர்ந்த காரும் கைவிட்டுவிடும்.

"பின்னால உட்கார்றவங்களுக்குமா சட்டம்?" என்று பெரியப்பாவே கேட்டார். ஆமாம், 1000 ரூபாய் அபராதம். 14 வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கும் சேர்த்துத்தான். ஆனால் பின் சீட்டை எட்டிப் பார்த்து யாரும் பிடித்து நான் பார்த்ததில்லை. அதனால்தான் இந்த அலட்சியம். சிலர் முன் சீட்டில்கூட அலாரம் அடிக்கக் கூடாது என்று வெறும் கிளிப்பை வாங்கிச் செருகுகிறார்கள்! 2023ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அந்தக் கிளிப்பை விற்கக் கூடாது என்று ஐந்து இணைய வணிக நிறுவனங்களுக்கு உத்தரவே போட வேண்டி வந்தது.

அஞ்சு பேர் உட்காருகிற காரில் எட்டு பேர் போனால் பெல்ட் எப்படிப் போடுவது என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். எங்கள் வீட்டில் இப்போது மூன்று பேர் பஸ்ஸில் வருகிறோம். நான் எப்போதும் பஸ்தான், கார் பைத்தியமான எனக்கு இது பெரிய தியாகம்!

போன மாதம் நானும் பெரியப்பாவும் சீட் கவரைக் கழற்றி பக்கிளை வெளியே எடுத்தோம். இருபது நிமிஷம்தான் ஆச்சு. கூடவே ஒரு ஹேர்பின், இரண்டு ரூபாய் நாணயம், நிறைய வேர்க்கடலைத் தோல் கிடைத்தது. காரில் வருகிற ஆசிரியர்களும், பள்ளி வாசலில் பிள்ளைகளை இறக்கிவிடுகிற பெற்றோரும் உங்கள் பின் சீட்டில் ஒருமுறை கைவிட்டுத் தேடிப் பாருங்கள். அகப்படவில்லை என்றால் சாயங்காலம் சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் என்னைக் கூப்பிடுங்கள், வருகிறேன்.

— கார் கிறுக்கன்,
பதினொன்றாம் வகுப்பு 'ஆ' பிரிவு