முதல் செமஸ்டரை யார் கையில் கொடுக்கிறோம்?

தனியார் பொறியியல் கல்லூரி ஒன்றில் முதலாம் ஆண்டுக்குக் கணிதம் நடத்துகிறேன். எந்தப் பிள்ளை தேறி வரும், எந்தப் பிள்ளை அரியரைச் சுமந்துகொண்டு நான்கு வருடமும் அல்லாடும் என்பது தீபாவளி லீவுக்குள் ஓரளவு தெரிந்துவிடும். தெரிந்தும் அந்த வாரங்களில் கல்லூரிகள் செய்வது மிகக் குறைவு என்பதே என் ஆதங்கம்.

சென்ற ஆண்டு முதல் இன்டர்னல் தேர்வில் 16 மதிப்பெண்ணுக்கு ஒரு கேள்வி. கேய்லி–ஹாமில்டன் தேற்றத்தைச் சரிபார்த்து, அதைக் கொண்டே நேர்மாறு அணியைக் காண வேண்டும். அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்த ஒரு மாணவி, பிளஸ் டூவில் கற்ற சேர்ப்பு அணி முறையில் நேர்மாறைக் கண்டுபிடித்து எழுதியிருந்தாள். ஒன்பது உறுப்புகளும் சரி. கூட்டல் கழித்தல் குறி ஒன்றுகூடப் பிசகவில்லை. தேற்றத்தின் பக்கமே போகாததால் விடைத்திட்டப்படி கிடைத்த மதிப்பெண் சொற்பம். மறுநாள் கூப்பிட்டுக் கேட்டேன்.

“இன்வர்ஸ்னு இருந்துச்சு மேம், அதான் போட்டேன். அதுக்கு முன்னாடி இருந்தது புரியல.”

“ஏம்மா, ஹாலிலேயே கேட்டிருக்கலாமே?”

“எல்லாரும் எழுதிட்டு இருந்தாங்க மேம்.”

கணக்கு அவளுக்கு நன்றாக வருகிறது. ஆங்கிலக் கேள்வித்தாளை எப்படி வாசிப்பது என்று மட்டும் யாரும் அவளோடு உட்கார்ந்து சொல்லித் தரவில்லை.

2021 முதல் பொறியியல் சேர்க்கையிலும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு இருக்கிறது. அதில் வருகிறவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. அரசுப் பள்ளியில் படித்து வந்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் ஏறுகிறது. என் வகுப்பில் சிலர் நோட்டு, ஜெராக்ஸ் செலவு போக மிச்சத்தை அம்மாவுக்கு ஜிபே பண்ணிவிடுகிறார்கள். இந்தப் பிள்ளைகளைக் கல்லூரி வாசல் வரை கொண்டுவந்து சேர்ப்பதில் தமிழ்நாடு பெருமைப்படும் அளவுக்குச் செய்திருக்கிறது. வாசலுக்கு உள்ளே நடப்பதற்குக் கல்லூரிகள்தான் பொறுப்பு.

நாள்கணக்கே முதலில் இடிக்கிறது. 2024-ல் ஜூலை 22-ல் தொடங்கிய கலந்தாய்வு செப்டம்பர் தொடக்கம் வரை நடந்தது. அதற்கு மேல் துணைக் கலந்தாய்வு. அதில் இடம் பிடித்தவர்கள் பெட்டியோடு விடுதிக்கு வந்து இறங்கும்போது மற்றவர்களுக்கு ஒரு யூனிட் முடிந்திருக்கும். விட்ட பாடத்தை நண்பனின் நோட்டைப் பார்த்து எழுதிக்கொள் என்பதுதான் பல இடங்களில் அவர்களுக்குக் கிடைக்கும் பதில். புது இடம், புது சாப்பாடு, வீட்டு நினைப்பு எல்லாவற்றோடும் மல்லுக்கட்டும் பிள்ளைக்கு அந்தப் பதில் போதாது.

இன்னொன்று வெளியில் அதிகம் பேசப்படாதது. முதலாம் ஆண்டுப் பாடங்களில் பெரும்பாலானவற்றை நடத்துவது எஸ் அண்ட் எச் எனப்படும் அறிவியல், மானுடவியல் துறை. மெக்கானிக்கலில் சேர்ந்த பையன் மெக்கானிக்கல் துறையின் மூத்த பேராசிரியரை இரண்டாம் ஆண்டில்தான் முகம் பார்க்கிறான். அதுவரை ஒரு செக்‌ஷனில் அறுபது பேர். எதிரே பெரும்பாலும் போன வருடம் வேலைக்குச் சேர்ந்த இளம் ஆசிரியர். இளைஞர்கள் உழைப்பில் குறை வைப்பதில்லை. ஆனால் நாற்று நடும் நேரத்தில்தான் கை தேர்ந்தவர்கள் வயலில் நிற்க வேண்டும்.

வகுப்பில் தமிழில் சந்தேகம் கேட்கலாமா என்பதும் பல கல்லூரிகளில் இன்னும் தீராத கேள்வி. வளாகத்தில் ஆங்கிலம் மட்டும்தான் என்று போர்டு மாட்டுகிறார்கள். பெற்றோரும் அதைத்தான் விரும்புகிறார்கள். வேலைக்கு ஆங்கிலம் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் வாயே திறக்காமல் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு ஆங்கிலம் எங்கிருந்து வரும்? பாடத்தில் ஒரு பிடிப்பு வந்தால்தான் மொழியிலும் துணிச்சல் வருகிறது. முதல் செமஸ்டரில் ‘தமிழர் மரபு’ வகுப்பு நடக்கும்போது வெளியே நின்று பார்த்திருக்கிறேன். கணித வகுப்பில் குனிந்த தலை நிமிராத பையன், நடுகல் பற்றித் தன் ஊர் எல்லையில் நிற்கும் ஒன்றை வைத்து எழுந்து நின்று பேசுகிறான். அவனுக்குப் பேச வராது என்று இனி யாரும் என்னிடம் சொல்ல முடியாது.

சேர்ந்தவுடன் மூன்று வாரம் அறிமுகப் பயிற்சி நடத்த வேண்டும் என்று ஏஐசிடிஇ வகுத்திருக்கிறது. பல இடங்களில் அது சிறப்பு விருந்தினர் பேச்சு, யோகா, கேம்பஸைச் சுற்றிக் காட்டுவது என்று கரைந்துவிடுகிறது. அதில் ஒரு வாரத்தையாவது பழைய கேள்வித்தாள்களோடு உட்காரக் கொடுங்கள். ஒரு கேள்வி எத்தனை வேலையைக் கேட்கிறது, எந்த வரிக்கு எவ்வளவு மதிப்பெண் என்று இரு மொழியிலும் விளக்கினால் போதும். முதல் இன்டர்னலின் மதிப்பெண்ணைக் கணக்கில் சேர்க்காமல், திருத்திய தாளை மட்டும் திருப்பிக் கொடுக்கலாம். தாமதமாக வந்தவர்களுக்கு மாலையில் தனி வகுப்பு வேண்டும். ஒவ்வொரு துறையிலும் மூத்தவர் ஒருவர் வாரத்துக்கு ஒரு மணி நேரமாவது முதலாம் ஆண்டு வகுப்புக்கு வர வேண்டும். இதற்குப் புதுக் கட்டடமோ புது நிதியோ தேவையில்லை. கால அட்டவணை போடும் முதல்வரும் துறைத் தலைவர்களும் ஒரு மேசையில் உட்கார்ந்தால் ஒரே மதியத்தில் முடிகிற வேலை. அடுத்த சேர்க்கைக்கு முன் உட்காருங்கள்.