ஆறு தட்டில் ஒரு கூட்டல்

எலெக்ட்ரானிக்ஸ் மாணவர்களுக்குப் பிரெட்போர்டு பழக்கமான சாமான். வரிசை வரிசையாக ஓட்டைகள் கொண்ட வெள்ளை பிளாஸ்டிக் பலகை. சால்டர் வைக்காமலே சிப்பையும் கம்பியையும் செருகிச் சோதித்துப் பார்த்துவிட்டுப் பிடுங்கிவிடலாம். அமெரிக்கரான பென் ஈட்டர் இத்தகைய பலகைகளை அடுத்தடுத்துப் பொருத்தி ஒரு முழுக் கம்ப்யூட்டரைக் கட்டினார். 2016 முதல் அதை ஒவ்வொரு கம்பியாக வீடியோவில் விளக்கவும் ஆரம்பித்தார். கடையில் வாங்கிய ப்ராஸஸர் அதில் கிடையாது. ப்ராஸஸரே கையால் கட்டப்பட்டதுதான். நினைவகம் மொத்தம் 16 பைட். 'கம்ப்யூட்டர்' என்ற ஒரு வார்த்தையை இன்றைய முறையில் தமிழில் சேமிக்கவே 36 பைட் வேண்டும்.

வடிவமைப்பு ஈட்டரின் சொந்தக் கற்பனை அல்ல. ஆல்பர்ட் மால்வினோவின் 'டிஜிட்டல் கம்ப்யூட்டர் எலெக்ட்ரானிக்ஸ்' என்ற பாடப்புத்தகத்தில் இருப்பதுதான். மால்வினோ அதற்கு வைத்த பெயர் சாப்-1. முடிந்த அளவு எளிமையானது என்று அர்த்தம். இந்தப் புத்தகத்துக்கு இந்தியாவில் அறிமுகம் தேவையில்லை. டாடா மெக்ரா-ஹில் பதிப்பாக வந்து, பொறியியல் மாணவர்கள் தலைமுறை தலைமுறையாகப் புரட்டியது. சாப்-1ன் கட்டப் படத்தை வரைந்து, பாகங்களைக் குறித்து, மார்க் வாங்கிக்கொண்டு போனவர்கள் ஏராளம். கட்டிப் பார்த்தவர்கள்? லேபில் அவர்களுக்குக் காத்திருந்தது 8085 கிட். அதில் ப்ராஸஸர் ஏற்கெனவே கறுப்புச் சிப்புக்குள் அடைபட்டிருக்கும். எண்களைத் தட்டினால் விடை வரும். நோட்டில் இருந்த படத்துக்கும் கிட்டில் இருந்த சிப்புக்கும் என்ன உறவு என்று விசாரிக்க பாடத்திட்டத்தில் நேரம் இல்லை.

அந்த உறவைத்தான் பிரெட்போர்டு காட்டுகிறது. சாப்-1க்குத் தெரிந்தவை ஐந்தே கட்டளைகள்: லோட், ஆட், சப், அவுட், ஹால்ட். எண்ணை எடு, கூட்டு, கழி, வெளியே காட்டு, நில். ஐந்தையும் ஏழையும் கூட்டச் சொல்லிப் பார்க்கலாம். நினைவகத்தின் 14வது இடத்தில் 5, 15வது இடத்தில் 7. பூஜ்யமாவது இடத்தில் 00001110 என்று எழுத வேண்டும். முதல் நான்கு இலக்கம் கட்டளை, அடுத்த நான்கு முகவரி. அதாவது 14ல் இருப்பதை எடு. அடுத்த இடத்தில் 00011111. 15ல் இருப்பதைக் கூட்டு. கீபோர்டு கிடையாது. ஒவ்வொரு பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் ஒரு குட்டி ஸ்விட்சைத் தள்ள வேண்டும்.

நடுவே எட்டுக் கம்பிகள் பொதுப்பாதையாக ஓடுகின்றன. பெயர் பஸ். எல்லாப் பாகங்களும் அதில்தான் தொங்குகின்றன. ஒரு நேரத்தில் ஒரு பாகம்தான் பேசலாம். மற்றவை கேட்கலாம், அல்லது சும்மா இருக்கலாம். இரண்டு பாகங்கள் ஒரே சமயத்தில் பேசினால் பூஜ்யமும் ஒன்றும் மோதிக்கொண்டு குப்பைதான் மிஞ்சும்.

யார் எப்போது பேசுவது என்பதைத் தாளம் போட்டு நடத்துவது கிளாக். மால்வினோவின் கணக்கில் ஒரு கட்டளைக்கு ஆறு தட்டு. (ஈட்டர் அதை ஐந்தாகக் குறைத்தார்.) லோட் முடிந்து 'ஏ' ரிஜிஸ்டரில் 5 உட்கார்ந்திருக்கிறது, இப்போது ஆட் கட்டளையின் முறை என்று வைத்துக்கொள்ளலாம். முதல் தட்டில், அடுத்த கட்டளை எங்கே என்று எண்ணிவரும் கவுன்ட்டர் தன் எண்ணைப் பஸ்ஸில் வைக்கிறது. நினைவகத்தின் முகவரிப் பகுதி அதை வாங்கிக்கொள்கிறது. இரண்டாவது தட்டில் கவுன்ட்டர் ஒன்று கூடுகிறது. மூன்றாவதில் நினைவகம் கட்டளையைப் பஸ்ஸில் வைக்க, கட்டளை ரிஜிஸ்டர் பிடித்துக்கொள்கிறது. நான்காவதில் கட்டளையின் பின்பாதியான 15, முகவரியாகப் போகிறது. ஐந்தாவதில் அந்த இடத்திலுள்ள 7 'பி' ரிஜிஸ்டருக்கு வருகிறது. ஆறாவதில் விடையான 12 'ஏ'யில் ஏறுகிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கூட்டும் சுற்று ஆறாவது தட்டுக்காகக் காத்திருப்பதே இல்லை. 'பி'யில் 7 வந்து சேர்ந்த சில நானோ வினாடிகளில் 12 தயார். பஸ்ஸுக்குப் போகும் கதவு திறப்பதற்குத்தான் தட்டு தேவை. ப்ராஸஸரின் உழைப்பில் பெரும்பகுதி இப்படிக் கதவு திறந்து மூடுவதுதான். எந்தக் கட்டளையின் எந்தத் தட்டில் எந்தக் கதவு என்பதை ஈட்டரின் இயந்திரத்தில் ஒரு மெமரி சிப்பில் அட்டவணையாக எழுதி வைத்திருக்கிறார்கள். கம்ப்யூட்டரின் மூளை என்று பள்ளிப் புத்தகங்கள் வர்ணிக்கும் சமாசாரத்தைத் திறந்து பார்த்தால் உள்ளே இருப்பது ரயில்வே கால அட்டவணை மாதிரி ஒன்று.

கழித்தலுக்குத் தனிச் சுற்றுகூடக் கிடையாது. 'பி'யிலுள்ள எண்ணின் பூஜ்யங்களை ஒன்றாகவும் ஒன்றுகளைப் பூஜ்யமாகவும் புரட்டி, கூடவே ஒன்றைச் சேர்த்துக் கூட்டினால் அது கழித்தலாகிவிடுகிறது. புரட்டும் வேலையையும் ஒன்று சேர்க்கும் வேலையையும் ஒரே கட்டுப்பாட்டுக் கம்பி செய்துவிடும்.

படத்தில் இவ்வளவு சுத்தமாக இருப்பது பலகையில் அப்படி இருக்காது. பட்டனை ஒருமுறை அழுத்தினால் கிளாக் நாலைந்து முறை தட்டிவிடும். உள்ளே உலோகத் தகடு அடங்குவதற்குள் சில மில்லி வினாடிகள் துள்ளுவதுதான் காரணம். அதை அடக்கத் தனியாக ஒரு சுற்று வேண்டும். சிப்பின் உபயோகிக்காத காலை எங்கும் இணைக்காமல் அந்தரத்தில் விட்டால், அது பக்கத்துக் கம்பியின் சலனத்துக்கெல்லாம் ஆடும். பல சிப்கள் ஒரே கணத்தில் மாறும்போது மின்னழுத்தம் ஒரு நொடி தொய்ந்து, ரிஜிஸ்டரில் இருந்த எண் காணாமல் போகும். ஒவ்வொரு சிப்பின் அருகிலும் சின்னக் கபாசிட்டர் வைக்கச் சொல்வது அதனால்தான். போதாக்குறைக்கு, செருகிய கம்பி செருகியபடி இருக்கும் என்ற உத்தரவாதமும் இல்லை.

ஆனால் இங்கே தப்புக்கு ஒரு விலாசம் இருக்கிறது. கிளாக்கை நிறுத்தி, ஒரு தட்டு ஒரு தட்டாக நகர்த்தி, எல்.இ.டி. விளக்குகளைப் பார்த்துக்கொண்டே போனால் எந்தத் தட்டில் எந்தக் கம்பியில் எண் கெட்டது என்று விரலை வைத்துச் சொல்லிவிடலாம். மேஜை மேலிருக்கும் லேப்டாப் தகராறு செய்தால் அணைத்துப் போடுவதைத் தவிர அதன் சொந்தக்காரரால் அநேகமாக எதுவும் செய்ய முடிவதில்லை. கம்ப்யூட்டர் படித்தவர்கள் நிலையும் இதில் பெரிதாக மேம்பட்டதல்ல.

ஐந்து கட்டளைகளோடு நின்றால் சாப்-1 ஒரு கால்குலேட்டர்தான். கட்டளைகள் மேலிருந்து கீழே ஓடும், நிற்கும். திரும்பிப் போகத் தெரியாது. கவுன்ட்டரில் வேறு எண்ணை ஏற்றும் 'ஜம்ப்' கட்டளையைச் சேர்த்தால் திரும்பத் திரும்ப ஓடும், ஆனால் நிறுத்தத் தெரியாது. கடைசியாக ஒன்று வேண்டும். முந்தைய விடை பூஜ்யமாக இருந்தால் மட்டும் தாவு, இல்லையென்றால் அடுத்ததற்குப் போ. வன்பொருளில் இது கூட்டும் சுற்றிலிருந்து கட்டுப்பாட்டு அட்டவணைக்குப் போகும் ஒரு சமிக்ஞை, அவ்வளவுதான். அது வந்தவுடன் இயந்திரம் தன் விடையைப் பார்த்துத் தன் வழியை மாற்றிக்கொள்கிறது. விடையை நினைவகத்தில் எழுதி வைக்கும் கட்டளையும் இருந்தால், பெருக்கல் தெரியாத இயந்திரம் திரும்பத் திரும்பக் கூட்டிப் பெருக்குகிறது. நினைவகம் மட்டும் போதிய அளவு கொடுத்தால், பெரிய கம்ப்யூட்டர் எதுவும் செய்யும் கணக்கை இதுவும் செய்யும். எத்தனை வருஷம் ஆகும் என்பது வேறு விஷயம். ஈட்டர் இந்தக் கட்டளைகளைச் சேர்த்தார்.

சிலர் இதோடு விடுவதில்லை. சாஃப்ட்வேர்காரரான பில் பஸ்பீ 200க்கும் அதிகமான 74 வரிசைச் சிப்களை ஆயிரக்கணக்கான கம்பிகளால் இணைத்து 'மேஜிக்-1' என்ற மினி கம்ப்யூட்டரைக் கட்டினார். மினிக்ஸ் ஆப்பரேட்டிங் சிஸ்டம் அதில் ஓடியது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஜேம்ஸ் நியூமன் சிப்பையே ஒதுக்கிவிட்டு, தனித்தனி டிரான்ஸிஸ்டர்களால் ஒரு 16 பிட் ப்ராஸஸரை 2016ல் முடித்தார். மொத்தம் 42,300 டிரான்ஸிஸ்டர்கள், 10 மீட்டர் நீளம், சுமார் 40,000 பவுண்டு செலவு. அதில் பாதிக்கு மேல், அதாவது 27,000 டிரான்ஸிஸ்டர்கள், வெறும் 256 பைட் நினைவகத்துக்கே போய்விட்டன. ஓடிய விளையாட்டு டெட்ரிஸ்.

இதெல்லாம் வசதியான நாட்டுக்காரர்களின் பொழுதுபோக்கு என்று தள்ளிவிட முடியாது. இந்தியாவின் முதல் கம்ப்யூட்டர்களில் ஒன்றே இப்படிக் கையால் பிறந்ததுதான். அமெரிக்காவில் கணிதத்தில் டாக்டர் பட்டம் வாங்கித் திரும்பிய சென்னைக்காரர் ஆர். நரசிம்மன் 1954ல் பம்பாய் டாடா ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். அவரது சிறு குழு 1956ல் ஒரு மாதிரி இயந்திரத்தை இயக்கியது, 1960ல் முழு இயந்திரத்தை முடித்தது. சுமார் 2,700 வால்வுகள். 1962ல் நேரு அதற்கு டிஃப்ராக் என்று பெயர் சூட்டினார். அந்தக் குழுவுக்குக் கிடைத்த வால்வுகளோடு ஒப்பிட்டால் இன்றைய ஆர்வலருக்கு உதிரி பாகம் ஒரு பிரச்னையே அல்ல. மும்பை லாமிங்டன் ரோடு, பெங்களூர் எஸ்.பி. ரோடு, டில்லி லஜ்பத் ராய் மார்க்கெட், சென்னை ரிச்சி தெரு என்று ஊருக்கு ஊர் கடைவீதி இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே எஃப்.பி.ஜி.ஏ. சிப்பில் எழுதி ஏற்றிவிடும் சுலப வழியும் உண்டு. நல்ல வழிதான். விரல் வைக்கக் கம்பி மட்டும் இருக்காது.

ஒரே ஒரு சிப்தான் சண்டித்தனம் செய்கிறது. சாப்-1ன் 16 பைட் நினைவகத்துக்கு மால்வினோ சொன்ன 74189ஐ இப்போது யாரும் தயாரிப்பதில்லை. பழைய ஸ்டாக்கில் தேட வேண்டும். கிடைக்காதவர்கள் 62256 என்ற மெமரி சிப்பை வாங்குகிறார்கள். அதில் 32,768 இடங்கள். நான்கு முகவரிக் கால்களை மட்டும் உபயோகித்து, மீதி பதினொன்றையும் கிரவுண்டில் கட்டிவிட்டால் 16 இடம்தான் தெரியும். சில வாரம் கழித்து யாராவது ஒரு காலை அவிழ்த்துவிட்டால் நினைவகம் 32 ஆகும். ஆனால் கட்டளையில் முகவரிக்கு இருப்பது நான்கே இலக்கம். கட்டளையை நீட்ட வேண்டும், ரிஜிஸ்டரை மாற்ற வேண்டும், அட்டவணையைத் திருத்தி எழுத வேண்டும். இன்னொரு பலகை வாங்க வேண்டும்.