மருந்துக்கு ஓப்பன் சோர்ஸ் ஆகாதாம்ல!

நேத்து ஆபீஸ் கேன்டீன்ல நண்பர் ஒருத்தர் போட்ட குண்டு: "ஓப்பன் சோர்ஸை எல்லாம் சாஃப்ட்வேரோட நிறுத்திக்கணும். மருந்துல செஞ்சா எவனும் பணம் போட மாட்டான், ஆராய்ச்சியே படுத்துரும்." சுத்தி இருந்தவங்களும் தலையாட்டினாங்க. எனக்குத்தான் டீ இறங்கலை.

மக்களே, ஜேக்யூ1 கதை தெரியுமா?

செல்லுக்குள்ள டிஎன்ஏ, ஹிஸ்டோன்ங்கிற புரதத்து மேல நூல் மாதிரி சுத்தியிருக்கு. இந்த மொத்தக் கண்டுக்குப் பேர் குரோமாட்டின். ஹிஸ்டோன் மேல இருக்கிற அசெட்டைல் அடையாளத்தைப் பிடிச்சுக்கிட்டு, பக்கத்து மரபணுவை ஓடவைக்கிற புரதம் பிஆர்டி4. சில புற்றுநோய்கள்ல, செல்லைப் பெருக்கித் தள்ளுற மிக் மரபணு நிக்காம ஓடுறதுக்கு இதுவும் துணை. பிஆர்டி4 அடையாளத்தைப் பிடிக்கிற பள்ளத்துல போய் அடைச்சு உக்காந்துக்கிற குட்டி மூலக்கூறுதான் ஜேக்யூ1.

செஞ்சது பாஸ்டன்ல இருக்கிற டானா-ஃபார்பர் நிலையத்து ஜேம்ஸ் பிராட்னர் குழு. 2010ல அதோட அமைப்பை நேச்சர் இதழ்ல வெளியிட்டாங்க. கேட்ட ஆய்வகங்களுக்கு மூலக்கூறையே அனுப்பியும் வெச்சாங்க.

என்ன ஆச்சு? 2011ல கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆளுங்க அதை வெச்சு, ஒரு வகை ரத்தப் புற்றுநோய்க்கு பிஆர்டி4 அவசியம்னு காட்டினாங்க. 2012ல இன்னொரு கூட்டம், ஆண் எலிக்கு அது கருத்தடை மாதிரி வேலை செய்யுது, நிறுத்தினா பழையபடி ஆயிடுதுன்னு கண்டுபிடிச்சது! பூட்டி வெச்சிருந்தா இதெல்லாம் இவ்வளவு சீக்கிரம் நடந்திருக்குமா?

"சரி, துட்டு?"ன்னு கேப்பீங்க. பிராட்னர் ஒண்ணும் சந்நியாசி இல்லை. காப்புரிமைக்கும் விண்ணப்பம் போனது. ஜேக்யூ1 உடம்புல சீக்கிரமே கரைஞ்சு போறதால அதுவே மருந்தாகலை. ஆனா அதே வழியில மருந்து தேட அவர் ஆரம்பிச்ச டென்ஷா கம்பெனியை 2016ல ரோஷ் வாங்குச்சு. முன்பணம் மட்டும் 11.5 கோடி டாலர். ஊருக்கே பங்கு வெச்ச சரக்குல வந்த வியாபாரம் சாமி இது!

காப்புரிமையே வேணாம்னு நான் சொல்லலை. மனுஷங்க மேல சோதிக்கக் கோடிகள் வேணும், ஒத்துக்கறேன். ஆனா ஆராய்ச்சிக் கருவியை முதல் நாளே பெட்டியில போட்டுப் பூட்டுறதுக்கு அதைச் சாக்கா சொல்லாதீங்க. நோயாளிக்கு நாள் எண்ணிக்கிட்டு இருக்கு.

அதுவும் ஓசி லினக்ஸ்ல வேலை பார்த்துச் சம்பளம் வாங்குற நாம இதைச் சொல்லலாமா?

டிஸ்கி: பயாலஜிக்குப் பத்தாவதோட கும்பிடு போட்டவன் நான். தப்பிருந்தா பின்னூட்டத்துல குட்டுங்க, திருத்திக்கறேன் :-)